எல்லை தாண்டி வண்டி இடிச்சா க்ளெய்ம் எங்கே, எப்படி? (கேரளா–தமிழ்நாடு எல்லை, கொழிஞ்சாம்பாறை – பொள்ளாச்சி பக்கம்)

#1 மீனாட்சிபுரம்_வாசி

இந்தப் பக்கம் எல்லாருக்கும் வர்ற சந்தேகம்ங்க, ஒரே இடத்துல பதில் இருக்கட்டும்னு இழையைத் தொடங்கறேன். மாதிரிக்கு ஒரு நிலவரம் வெச்சுக்குவோம். வண்டி கே.எல்-70, சித்தூர் ஆர்.டி.ஓ. பாலிசி பாலக்காட்டுல எடுத்தது. கோவிந்தாபுரம் தாண்டி பொள்ளாச்சி ரோட்டுல டி.என்-41 சரக்கு ஆட்டோவோட மோதல். காருக்கு முன்பக்கம் போச்சு, ஆட்டோவுல வந்தவருக்குக் கை எலும்பு முறிவு. எந்த ஸ்டேஷன்? எந்த வொர்க்‌ஷாப்? பட்டறைக்காரர் 67,000 சொன்னா கம்பெனி எவ்வளவு தரும்?

#2 பாலிசி_அக்கா

முதல் குழப்பத்தை முதல்ல தீர்த்துடறேன். பாலிசிக்கு வாளையார் எல்லைச் சாவடியும் இல்லை, கோவிந்தாபுரம் சாவடியும் இல்லை. இந்தியா முழுக்க ஒரே பாலிசிதான். பாலக்காட்டுல எடுத்த பாலிசிக்குக் கோயம்புத்தூர் நெட்வொர்க் கேரேஜ்ல கேஷ்லெஸ் தாராளமா நடக்கும். "நீங்க கேரளா ப்ராஞ்ச், அங்கேதான் போகணும்"னு கால் சென்டர்ல சொன்னா அதை மெயில்ல எழுதிக் கேளுங்க. எழுத மாட்டாங்க.

மாறுறது காகிதத்தோட பேரு மட்டும்தான். கேரளப் பக்கம் நடந்தா ஸ்டேஷன்ல ஜி.டி. என்ட்ரி (பொது டைரிப் பதிவு). காயம் இல்லாத இடிக்கு அதைக் கேரள போலீஸோட போல்-ஆப்லயே விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டுப் பக்கம் நடந்தா சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வாங்கினதுக்குத் தர்றது). கேரள ஆபீஸ்ல இருக்கறவர் "ஜி.டி. என்ட்ரி கொண்டா"ம்பார். பொள்ளாச்சி ஸ்டேஷன்ல போய் ஜி.டி. கேட்டா முழிப்பாங்க. அதுக்குப் பதில் இதுன்னு க்ளெய்ம் மெயில்ல ஒரு வரி எழுதி சி.எஸ்.ஆரை இணைச்சுடுங்க.

ஆனா மேல சொன்ன நிலவரத்துல ஆள் காயம். அதனால சி.எஸ்.ஆர். போதாது, எஃப்.ஐ.ஆர். வேணும்.

#3 எம்.சி.ஓ.பி_குமாஸ்தா

அக்கா சொன்னதோட சேர்க்கறேன். எந்த ஸ்டேஷன்ங்கறதை இடி நடந்த இடம்தான் முடிவு பண்ணும், வண்டி நம்பர் இல்லை. எல்லைக்கல் பக்கத்துல நடந்து ரெண்டு ஸ்டேஷனும் "எங்க லிமிட் இல்லை"ன்னு தள்ளிவிட்டா, பி.என்.எஸ்.எஸ். (புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-ஆவது பிரிவுப்படி எந்த ஸ்டேஷன்லயும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம். வண்டிகளை நகர்த்தறதுக்கு முன்னாடி லொகேஷன் பதிவாகிற மாதிரி போட்டோ எடுங்க. ரோட்டோட வெள்ளைக்கோடு, மைல்கல், ரெண்டு வண்டியோட நம்பர், சக்கரத் தடம், கண்ணாடித் தூள் கிடக்கிற இடம் இதெல்லாம் ஒரே ஃப்ரேம்ல வரணும். பம்பரை மட்டும் கிட்டத்துல பத்து போட்டோ எடுத்து வெச்சா ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஆஸ்பத்திரிக் காகிதத்துக்கும் ரெண்டு பேரு. தமிழ்நாட்டுல ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்), கேரளாவுல வூண்ட் சர்ட்டிஃபிகேட். அதுல டாக்டர் முதல்ல எழுதற வரியைப் படிச்சுப் பாருங்க. "தானே விழுந்தார்"னு எழுதிட்டா பின்னாடி எந்த ஆட்டோவும் கோர்ட்டுல நிக்காது. இடிச்சது என்ன வண்டி, எங்கே, எத்தனை மணிக்குன்னு சொல்லி எழுத வைக்கணும். சாராய வாடைன்னு குறிப்பு இருந்தா ஓட்டினவரோட க்ளெய்முக்கு அதுவே வினை. சட்டத்துல வரம்பு 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம். ரத்தப் பரிசோதனை இல்லாட்டியும் மத்த சாட்சியத்தை வெச்சுக் கம்பெனி வாதாடலாம்னு உச்ச நீதிமன்றம் 2021-ல சொல்லிடுச்சு.

#4 டிங்கரிங்_பட்டறை

ஸ்பாட்ல முதல் தப்பு எங்கே நடக்குதுன்னா, ரேடியேட்டர் உடைஞ்ச வண்டியை "பக்கத்துலதானே"ன்னு ஸ்டார்ட் பண்ணி ஓட்டறது. கூலன்ட் கொட்டிட்டு ரெண்டு கிலோமீட்டர் ஓடினா ஹெட் வளைஞ்சுடும், கேஸ்கெட் போயிடும். சம்ப்பு (எஞ்சின் ஆயில் தொட்டி) உடைஞ்சு ஆயில் இல்லாம ஓட்டினா பேரிங் சீஸ். சர்வேயர் (சேதத்தை மதிப்பிடறவர்) ரேடியேட்டருக்கும் சம்ப்புக்கும் தருவார், எஞ்சினுக்குத் தரமாட்டார். அது இடியால வந்த சேதம் இல்லை, இடிக்கு அப்புறம் ஓட்டினதால வந்ததுன்னு எழுதுவார். எழுதறதும் சரிதான். நெல்லியாம்பதி ரோட்டுல கல்லு தட்டி சம்ப்பு உடையற கேஸ் எல்லாத்துலயும் இதுதான் சண்டை.

ரெக்கவரி வண்டி விஷயம். சாதாரண பாலிசியில இழுவைக்குக் காருக்கு 1,500, டூவீலருக்கு 300 ரூபா வரைதான். அதுவும் கிட்ட இருக்கற பட்டறை வரைக்கும். பொள்ளாச்சியில இருந்து பாலக்காடு ஷோரூமுக்கு இழுத்துட்டுப் போய் 6,000 பில் வெச்சா மீதி உங்க பாக்கெட். ரோட்சைடு அசிஸ்டன்ஸ் ஆட்-ஆன் (கூடக் காசு கட்டிப் பாலிசியில சேர்க்கறது) இருந்தா மொதல்ல அந்த நம்பருக்குத்தான் கூப்பிடணும். வெளியாளை வெச்சு இழுத்துட்டு அப்புறம் கேட்டா கிடைக்காது.

#5 சர்வே_மேசை

67,000 கேள்விக்கு வர்றேன். சேதம் 50,000 ரூபாயைத் தொட்டா லைசென்ஸ் உள்ள சர்வேயர் பார்த்தே ஆகணும். தகவல் கொடுத்த 24 மணி நேரத்துல சர்வேயரை நியமிக்கணும், 15 நாளுல அவர் அறிக்கை தரணும், அறிக்கை வந்த 7 நாளுல கம்பெனி முடிவு சொல்லணும். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யோட 2024 சுற்றறிக்கையில உள்ள கெடு இது. தேதிகளைக் குறிச்சு வெச்சுக்கிட்டு மெயில்ல கேளுங்க, போன்ல கேட்காதீங்க.

இப்போ கணக்கு. கார் 1,200 சி.சி.க்குள்ள, வாங்கி 3 வருஷம் 4 மாசம், ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத ஆட்-ஆன்) இல்லைன்னு வெச்சுக்குவோம்.

முன் பம்பர் 6,200. பிளாஸ்டிக், பாதி கழியும், கிடைக்கறது 3,100.
ஹெட்லைட் 7,800. அதுவும் பிளாஸ்டிக் கணக்கு, 3,900.
போனட் 9,600. இரும்பு. 3 முதல் 4 வருஷ வண்டிக்கு 25% கழிவு, 7,200.
ஃபெண்டர் 4,400. அதே கழிவு, 3,300.
ரேடியேட்டர் 8,000. அதே கழிவு, 6,000.
முன் கண்ணாடி 9,000. கண்ணாடிக்குக் கழிவே கிடையாது, 9,000.

உதிரி 45,000-க்கு 32,500 ஆச்சு. லேபர் 9,000 முழுசா. பெயிண்டிங் 12,000-ல கால்வாசியைப் பெயிண்ட் மெட்டீரியல்னு எடுத்து அதுல பாதி கழிப்பாங்க, அதாவது 1,500 போய் 10,500. கூலன்ட், கிளிப், நட்டு போல்டு 1,000, கன்ஸ்யூமபிள்ஸ் ஆட்-ஆன் இல்லைன்னா பூஜ்யம். கூட்டினா 52,000. இதுல கட்டாயக் கழிவு 1,000 (1,500 சி.சி.க்கு மேல்னா 2,000). கைக்கு வர்றது 51,000, உங்க கையில இருந்து 16,000. பழைய இரும்புக்குச் சில நூறு கழிச்சாலும் கழிப்பாங்க.

இரும்புப் பாகத்துக் கழிவு வயசுப்படி: 6 மாசம் வரை இல்லை, 1 வருஷம் வரை 5%, அப்புறம் வருஷா வருஷம் 10, 15, 25, 35. அஞ்சு முதல் பத்து வருஷம் 40%, அதுக்கு மேல 50%. ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், டியூப், பேட்டரி, ஏர்பேக் எல்லாம் புது வண்டிக்கும் 50%. ஃபைபர் கிளாஸ் 30%.

#6 டிங்கரிங்_பட்டறை

சார், ரேடியேட்டரை இரும்புக் கணக்குல போட்டீங்களே, சந்தோஷம். இப்போ வர்றதுல பக்க டேங்க் பிளாஸ்டிக்னு காட்டி முழு ரேடியேட்டரையும் 50% கழிக்கற சர்வேயர் இருக்காங்க. கோர் அலுமினியம், விலை முக்காவாசி அதுலதான். வண்டிக்காரங்க இந்த வரியைத்தான் அறிக்கையில தேடணும்.

#7 சர்வே_மேசை

சரியான பாயின்ட். அதனாலதான் சர்வே அறிக்கை நகலை எழுதிக் கேட்டு வாங்கணும்ங்கறது. பாகம் வாரியா எது இரும்பு, எது பிளாஸ்டிக், எதை "ரிப்பேர்"னு போட்டு "ரீப்ளேஸ்" தரலைன்னு அதுலதான் தெரியும். தொகையை மட்டும் பார்த்துச் சண்டை போட்டா ஜெயிக்க முடியாது. ஒரு வரியைப் பிடிச்சுச் சண்டை போடுங்க.

இன்னொண்ணு. சர்வேயர் வர்றதுக்கு முன்னாடி பிரிக்காதீங்க. பிரிச்ச அப்புறம் உள்ளே கிராஸ் மெம்பர், கண்டென்சர், ஏ.சி. பைப் சேதம் தெரிஞ்சா கூடுதல் எஸ்டிமேட் கொடுத்து மறுபடியும் பார்க்கச் சொல்லுங்க. ஒப்புதல் வராம புதுசு மாட்டிட்டு பில்லை நீட்டினா அந்த வரி வெட்டுப்படும். மாத்தின பழைய பாகத்தை டெலிவரி வரைக்கும் பட்டறையில வெச்சிருக்கச் சொல்லுங்க, வேலை முடிஞ்சு மறுபடி பார்க்க வருவாங்க.

#8 மீனாட்சிபுரம்_வாசி

நல்லதுங்க. சின்ன இடிக்கு க்ளெய்ம் போடலாமா? பம்பர் கீறல், 5,000 பில் மாதிரி.

#9 பாலிசி_அக்கா

கணக்குப் போட்டுப் பாருங்க தம்பி. க்ளெய்ம் போடாத வருஷத்துக்குப் பிரீமியத்துல தர்ற தள்ளுபடிதான் நோ க்ளெய்ம் போனஸ். வருஷா வருஷம் 20, 25, 35, 45, 50 சதவீதம்னு ஏறும். ஒரே க்ளெய்ம்ல பூஜ்யம். ஓன் டேமேஜ் (நம்ம வண்டிச் சேதத்துக்கான) பிரீமியம் 9,000, போனஸ் 50%னு வெச்சுக்குங்க. க்ளெய்ம் போட்டா அடுத்த வருஷம் 4,500 கூட. அதுக்கடுத்த வருஷங்கள்ல 2,700, 2,250, 1,350, 450. மொத்தம் 11,250. வண்டி மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் இறங்கறதால நிஜத்துல கொஞ்சம் குறையும். ஆக அந்த 5,000-ல கழிவு எல்லாம் போக வர்ற ரெண்டாயிரம் சொச்சத்துக்கு க்ளெய்ம் போடறது வீண். பூஜ்யத்துல இருக்கற புது பாலிசின்னா இழப்பும் கம்மி. போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆன் இருந்தா கணக்கே வேற.

ரின்யூவல் தேதி முடிஞ்சு 90 நாளுக்குள்ள புதுப்பிக்கலைன்னாலும் போனஸ் போயிடும், இது க்ளெய்ம் இல்லாமலே நடக்கற நஷ்டம்.

#10 வேலந்தாவளம்_லோடு

சரக்கு ஆட்டோக்காரங்க பக்கம் யாரும் பேசலை. எல்.எம்.வி. (இலகு ரக வண்டி) லைசென்ஸ் மட்டும் வெச்சு மஞ்சள் போர்டு ஓட்டினா "லைசென்ஸ் செல்லாது"ன்னு கம்பெனி கை விரிக்குமே?

#11 எம்.சி.ஓ.பி_குமாஸ்தா

அந்தக் கதை முடிஞ்சுது அண்ணா. 7,500 கிலோ வரைக்குமான போக்குவரத்து வண்டிக்கு எல்.எம்.வி. லைசென்ஸே போதும்னு உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-ஆம் தேதி தீர்ப்புச் சொல்லிடுச்சு. 3,000 கிலோவுக்குள்ள மொத்த எடை இருக்கற சரக்கு வண்டிக்குப் பர்மிட்டும் வேண்டாம்.

ஆபத்து வேற இடத்துல இருக்கு. தேங்கா வெட்டு, தக்காளி பறிப்புக்கு ஆளுங்களைச் சரக்கு ஆட்டோ பின்னாடி ஏத்திட்டு எல்லை தாண்டறாங்களே, அது. சரக்குக்குச் சொந்தக்காரர், இல்லை அவர் அனுப்பின ஆள் கூட வந்தா பாதுகாப்பு உண்டு. சும்மா ஏறி வர்ற பயணிக்கு சரக்கு வண்டி பாலிசி பொறுப்பு ஏற்காது. உச்ச நீதிமன்றத்தோட ஆஷா ராணி வழக்குல இருந்து இதான் சட்டம். அவங்க நஷ்டஈடு வண்டி முதலாளி தலையில விழும். வீடு தோட்டம் ஜப்தி வரைக்கும் போகும்.

டாக்ஸி, வேனுக்கு எல்லை தாண்டப் பர்மிட் இல்லைன்னா மூணாம் ஆளுக்கு (தேர்ட் பார்ட்டி, அதாவது இடிபட்டவருக்கு) கம்பெனி கட்டிட்டு முதலாளிகிட்ட வசூல் பண்ணச் சொல்லித் தீர்ப்பாகும். வெள்ளை போர்டு காரை வாடகைக்கு விட்டு இடிச்சா ஓன் டேமேஜ் ரிஜெக்ட் ஆகும். எதிர்த்துப் போனா சில சமயம் நான்-ஸ்டாண்டர்டு (நிபந்தனை மீறினதுக்குக் குறைச்சுத் தர்ற) கணக்குல 75% வாங்கலாம், உச்ச நீதிமன்றத்தோட அமலேந்து சாஹூ தீர்ப்பைக் காட்டி.

#12 மீனாட்சிபுரம்_வாசி

கை முறிஞ்சவர் கொழிஞ்சாம்பாறைக்காரர்னு வெச்சுக்கங்க. கேஸ் போட பொள்ளாச்சிக்கே நடக்கணுமா?

#13 எம்.சி.ஓ.பி_குமாஸ்தா

வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆவது பிரிவுப்படி இடி நடந்த இடம், காயம்பட்டவர் குடியிருக்கற அல்லது தொழில் பண்ற இடம், எதிர்த்தரப்பு இருக்கற இடம் எதுலயும் போடலாம். பாலக்காடு மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துல போட்டா அதுக்குப் பேரு ஓ.பி.எம்.வி., தமிழ்நாட்டுல போட்டா எம்.சி.ஓ.பி. ரெண்டும் ஒண்ணுதான். பொள்ளாச்சி எஃப்.ஐ.ஆர்., மகஜர், பிரேக் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட், குற்றப்பத்திரிகை நகல் தமிழ்ல இருக்கும். பாலக்காட்டுல தாக்கல் பண்ணும்போது மொழிபெயர்ப்பு வைக்கணும், அதுக்கு ரெண்டு வாரம் ஒதுக்கி வைங்க.

கெடு 6 மாசம். 2022 ஏப்ரல் 1-ல இருந்து இதான். "டாக்டர் ஊனச் சதவீதம் தரட்டும்"னு காத்திருந்து கெடுவைத் தாண்டாதீங்க. முதல்ல மனு, சர்ட்டிஃபிகேட் அப்புறம். யார் தப்புன்னே நிரூபிக்க வேண்டாத 164-ஆவது பிரிவுல பலத்த காயத்துக்கு 2.5 லட்சம், சாவுக்கு 5 லட்சம். ஓடிப்போன வண்டி கண்டுபிடிக்க முடியலைன்னா காயத்துக்கு 50,000, சாவுக்கு 2 லட்சம், அதுக்கு வேற திட்டம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு 2025 மே மாசம் வந்த கேஷ்லெஸ் திட்டத்துல 7 நாள் வரை 1.5 லட்சம் இருக்கு.

கார்க்காரருக்கும் ஒரு வழி இருக்கு, யாரும் பயன்படுத்தறது இல்லை. தப்பு ஆட்டோ மேலன்னா தன் பாலிசியில வாங்கின 51,000 போக மீதி 16,000-ஐ ஆட்டோவோட இன்ஷூரன்ஸ் மேல தீர்ப்பாயத்துலயே கேட்கலாம். ஒரே பணத்தை ரெண்டு பக்கமும் வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

#14 டிங்கரிங்_பட்டறை

16,000-க்கு வக்கீல் ஃபீஸ் எவ்வளவு ஆகும்னும் சொல்லிடுங்க சார் :)

#15 எம்.சி.ஓ.பி_குமாஸ்தா

அதுக்காகத் தனியா போடச் சொல்லலை. காயத்துக்கு மனு போடும்போது சேர்த்துப் போடறதைத்தான் சொல்றேன்.

ஸ்பாட்ல ஊர்க்காரங்க கூடி "எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்பு"ன்னு சொல்லுவாங்க. "தவறு என்னுடையது, செலவை நான் தருகிறேன்"னு கையெழுத்துப் போடாதீங்க. கம்பெனி சம்மதம் இல்லாம பொறுப்பு ஒத்துக்கக் கூடாதுன்னு பாலிசி நிபந்தனையிலயே இருக்கு. ரெண்டு பக்கமும் பேரு, வண்டி நம்பர், பாலிசி நம்பர் எழுதிப் பரிமாறிக்கிட்டா போதும்.

#16 வேலந்தாவளம்_லோடு

டோட்டல் லாஸ்னு சொல்லி மொத்தமா முடிச்சுக்கறாங்களே, அதுல என்ன பார்க்கணும்?

#17 சர்வே_மேசை

ஐ.டி.வி.யில (பாலிசியில போட்டிருக்கற வண்டி மதிப்பு) 75%-க்கு மேல ரிப்பேர் போனா டோட்டல் லாஸ். ஐ.டி.வி. 4,00,000-ன்னா 3,00,000-தான் கோடு. எஸ்டிமேட் 2.8 லட்சத்துல நின்னா கம்பெனியும் பட்டறையும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பாங்க. உடைஞ்ச வண்டியை நீங்களே வெச்சுக்கறதுன்னா அதோட விலையைக் கழிச்சுத் தருவாங்க. ஏலத்துல 1,10,000 வந்திருந்தா, கட்டாயக் கழிவு 1,000-மும் போகக் கையில 2,89,000. கடன் பாக்கி இருந்தா அது மொதல்ல ஃபைனான்ஸுக்குப் போகும்.

உடைஞ்ச வண்டியை வாங்கறவர் பெரும்பாலும் அடுத்த மாநிலத்து ஆள். ஆர்.சி. ரத்து ஆகணும், இல்லை பேர் மாறணும். இல்லாம வண்டியைத் தூக்கிக் கொடுக்காதீங்க. அதே சேசிஸ்ல பின்னாடி ஒரு இடி நடந்தா தீர்ப்பாய நோட்டீஸ் ஆர்.சி.யில பேரு இருக்கறவருக்குத்தான் வரும். உச்ச நீதிமன்றத்தோட 2018 நவீன் குமார் தீர்ப்புல இதைத் தெளிவாச் சொல்லியாச்சு. ஓட்ட முடியாம அழிஞ்ச வண்டின்னா 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்கு எழுதறதும் உங்க பொறுப்பு.

அதே 14 நாள் கெடு, பழைய வண்டி வாங்கறவங்க பாலிசியைத் தங்க பேருக்கு மாத்தறதுக்கும் பொருந்தும். கோயம்புத்தூர்ல வாங்கிச் சித்தூருக்குக் கொண்டு வந்த வண்டிக்கு ஆர்.சி. மாறியும் பாலிசி பழையவர் பேர்ல கிடந்தா, மூணாம் ஆள் பொறுப்பு தானா உங்களுக்கு மாறும், ஓன் டேமேஜ் மாறாது.

#18 பாலிசி_அக்கா

ரிஜெக்ட் ஆனவங்களுக்கு: மொதல்ல கம்பெனி குறைதீர் அதிகாரிக்கு மெயில். ஒரு மாசம் பதில் இல்லைன்னாலோ, பதில் பிடிக்கலைன்னாலோ இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (கம்பெனிக்கு வெளியே புகாரைத் தீர்க்கறவர்). கேரளாவுக்குக் கொச்சி, தமிழ்நாட்டுக்குச் சென்னை. வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, 50 லட்சம் வரைக்கும் பார்ப்பாங்க, ஒரு வருஷத்துக்குள்ள போகணும். நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருஷம், உங்க வீடு இருக்கற மாவட்டத்துலயே போடலாம். புகைச் சான்று இல்லைன்னு மட்டும் காரணம் காட்டி மறுத்தா 2020-ல ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கொடுத்த விளக்கத்தை எடுத்து வைங்க. தகவல் ரெண்டு நாள் தாமதம்னு மட்டும் காரணம் சொன்னா அவங்களோட 2011 சுற்றறிக்கையை எடுத்து வைங்க.

செட்டில்மென்ட் வவுச்சர்ல "முழுத் திருப்தி"ன்னு இருக்கும். தொகையில சண்டை இருந்தா "ஆட்சேபத்துடன் பெறுகிறேன்"னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க.

#19 மீனாட்சிபுரம்_வாசி

கடைசியா ஒண்ணு. எல்லாம் முடிஞ்சும் பணம் அக்கவுன்ட்டுக்கு வராம திரும்பிப் போகுதுன்னு இங்க நிறையப் பேர் சொல்றாங்க.

#20 பாலிசி_அக்கா

பேரு எழுத்துதான் காரணம். பழனிசாமின்னு ஒருத்தர். கேரள ஆர்.சி.யில ழ-வுக்கு ஆங்கிலத்துல இசட்-எச் போட்டு எழுதியிருப்பாங்க. பொள்ளாச்சி பேங்க் பாஸ்புக்ல எல் போட்டிருக்கும். ஆதார்ல இனிஷியல் முன்னாடி, லைசென்ஸ்ல அப்பா பேரு முழுசாப் பின்னாடி. நாலு காகிதத்துல நாலு ஆள்! க்ளெய்ம் ஃபார்மோட கேன்சல் பண்ண செக் வைக்கும்போதே, ரெண்டு எழுத்தும் ஒரே ஆள்தான்னு வில்லேஜ் ஆபீஸ்ல ஒரு சான்று வாங்கி இணைச்சுடுங்க. ரின்யூவல் சமயத்துல பாலிசியில பேரைத் திருத்தறதுக்கு ஒரு எண்டார்ஸ்மென்ட் போதும், இடிக்கு அப்புறம் திருத்தப் போனாத்தான் ஆயிரம் கேள்வி.

#21 வேலந்தாவளம்_லோடு

பழனிசாமி கதை நம்ம தெருவுல பாதிப் பேருக்குப் பொருந்தும் அக்கா. சான்றை மலையாளத்துல கொடுத்தா கோயம்புத்தூர் ஆபீஸ்ல எடுப்பாங்களா?

#22 பாலிசி_அக்கா

இங்கிலீஷ்ல கேட்டு வாங்குங்க. விண்ணப்பத்துலயே காரணம் "இன்ஷூரன்ஸ் க்ளெய்ம்"னு எழுதி, ரெண்டு பேரையும் காகிதத்துல இருக்கற மாதிரியே எழுத்து மாறாம எழுதிக் கொடுங்க. சான்றுலயே எழுத்துப் பிழை வந்துட்டா மூணாவது பழனிசாமி ஒருத்தர் முளைச்சுடுவார்.